மாசி முதல் சித்திரை வரை வீட்டுத் தோட்டம்: வாசகர் கேள்வி - பதில்

பனி விலகி வெயில் ஏறத் தொடங்கியிருக்கும் இந்த வேளையில் வாசகர்கள் அனுப்பியிருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டுத் தோட்டத்தைப் பற்றியவையாக இருக்கின்றன. புதிதாக என்ன நடலாம் என்று கேட்பவர்களே அவர்களில் அதிகம். இருப்பதை எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்பவர்கள் குறைவு. நம் சமவெளிப் பகுதிகளில் இந்தப் பருவத்துக்கு இரண்டாவது கேள்விதான் முதன்மையானது என்பதால், பதில்கள் பெரும்பாலும் அந்தத் திசையிலேயே அமைந்திருக்கின்றன.

கேள்வி: மொட்டை மாடியில் வளர்ப்புப் பைகளில் காய்கறி போட்டு வருகிறேன். குளிர் மாதங்களில் போட்ட முட்டைக்கோசும் முள்ளங்கியும் எடுத்து முடிந்துவிட்டன. தக்காளி மட்டும் இன்னும் காய்த்துக்கொண்டிருக்கிறது. வசந்த காலமே விதைப்புக்கு மிகவும் ஏற்றது என்று படித்தேன். நமக்கும் அது பொருந்துமா? இப்போது என்னென்ன விதைக்கலாம்?
— வாசகி, தாம்பரம்

பதில்: பனி உருகி மண் வெதுவெதுப்படையும் குளிர்நாடுகளுக்கு அந்தக் கூற்று முற்றிலும் சரி. அங்கே வசந்தத்துக்குப் பின்னால் நீண்ட, மிதமான கோடைகாலம் காத்திருக்கிறது. நமக்கோ இளவேனில் எனப்படும் சித்திரையும் வைகாசியும் ஆண்டின் மிகக் கடுமையான வெப்பத்தைக் கொண்டு வருகின்றன. மே மாதம் 4ஆம் தேதி வாக்கில் தொடங்கும் கத்திரி வெயில் அந்த இளவேனிலின் நடுவிலேதான் வருகிறது. ஆகவே இப்போது ஊன்றும் விதை, அந்த வெயில் வருவதற்குள் வேரை ஆழமாக இறக்கிவிடக் கூடியதாகவோ, வெயிலுக்கு முன்பே அறுவடையாகி முடிந்துவிடக் கூடியதாகவோ இருக்க வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்பது தானாகவே தெளிவாகும்.

வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு, வெள்ளரி ஆகிய நான்கையும் தயக்கமின்றி ஊன்றலாம். வெண்டை விதையை முதல் நாள் இரவு நீரில் ஊறவைத்து, மறுநாள் விரற்கடை ஆழத்தில் நேரடியாகப் பையிலேயே ஊன்றுங்கள். நாற்று விட்டுப் பிடுங்கி நட்டால் அதன் ஆணிவேர் அறுபட்டுச் செடி தேங்கிவிடும். ஏறத்தாழ 45 நாட்களில் முதல் காய் பறிக்கலாம். வெயில் காலத்தில் வெள்ளை ஈ பெருகுவதால் இலை நரம்புகள் மஞ்சளாகிப் பின்னிக் கிடக்கும் நச்சுயிரி நோய் வெண்டைக்கு வரக் கூடும். அப்படி ஒரு செடியைக் கண்டால், அது காய்க்கிறதே என்று இரக்கப்படாமல் அன்றைக்கே பிடுங்கி அப்புறப்படுத்துங்கள், ஏனெனில் அந்த நோய்க்கு மருந்து கிடையாது. சிறுகீரையும் முளைக்கீரையும் 25 நாட்கள் அளவிலேயே பறிப்புக்கு வந்துவிடும் என்பதால், அவற்றைப் பங்குனி முடிய இரண்டு மூன்று முறை தொடர்ந்து விதைத்து எடுக்கலாம். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கேரட், பீட்ரூட் போன்றவற்றை ஐப்பசி வரை மறந்துவிடுங்கள்.

தக்காளியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும்போது தக்காளிப் பூவின் மகரந்தம் வலுவிழந்து, பூக்கள் காம்போடு உதிரும். அதை உரக்குறைவு என்று எண்ணி மேலும் மேலும் உரம் இடுவது வழக்கமாக நடக்கும் தவறு. இப்போதுள்ள செடிகளுக்குப் பிற்பகல் வெயிலை மட்டும் மறைக்கும்படி நிழல்வலை கட்டி, நீரை ஒரே சீராகக் கொடுத்தால் பங்குனி வரை காய் எடுக்கலாம். ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றும் பழக்கம் இருந்தால் காயின் அடிப்பகுதி கறுத்து அழுந்திப் போகும். அது பூச்சியாலோ பூசணத்தாலோ வருவதன்று. சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததால் வருவது. மண்ணில் சுண்ணாம்பு இருந்தாலும், அதைச் சுமந்து செல்லும் நீர் விட்டு விட்டு வந்தால் காயின் நுனிக்கு அது எட்டாது.

பைகளை நேரடியாகத் தளத்தில் வைக்காமல் செங்கல்லின் மேல் ஏற்றி வையுங்கள். மாடியில் வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை. காங்கிரீட் தளம் பகலெல்லாம் உள்வாங்கிய சூட்டை இரவிலும் வேருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும்.

கேள்வி: எங்கள் வீட்டு முற்றத்தில் வேம்பும் புங்கமும் நிற்கின்றன. மாசி பிறந்தால் சருகு கொட்டித் தீராது. தினமும் கூட்டி அள்ளி மூலையில் கொளுத்திவிடுவது வழக்கம். அந்தச் சாம்பலைச் செடிகளுக்குப் போடலாமா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: ஐயா, சாம்பலைக் கொஞ்சமாகப் போடலாம், அதில் சாம்பல் சத்து உண்டு. ஆனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். தயவு செய்து இந்த ஆண்டு முதல் அந்தச் சருகைக் கொளுத்தாதீர்கள். வெயில் உச்சத்துக்கு ஏறுவதற்கு முன்னால், உங்கள் மண்ணை மூடுவதற்கு வேண்டிய போர்வையை உங்கள் மரங்களே கொண்டுவந்து காலடியில் கொட்டுகின்றன. அதைக் கூட்டிக் கொளுத்திவிட்டு, சித்திரையில் செடி வாடுகிறதே என்று குடம் குடமாகத் தண்ணீர் சுமப்பது எவ்வளவு பெரிய இழப்பு!

சருகை வாழை, கறிவேப்பிலை, எலுமிச்சை, முருங்கை ஆகியவற்றின் அடியில் நான்கு விரற்கடை உயரத்துக்குப் பரப்புங்கள். பரப்புவதற்கு முன் மண்ணை நன்றாக நனைத்துவிட வேண்டும், ஏனென்றால் காய்ந்த மண்ணை மூடினால் அது காய்ந்தபடியேதான் இருக்கும். தண்டை ஒட்டிச் சருகைக் குவிக்காமல் சுற்றிலும் ஒரு சாண் இடம் விடுங்கள். ஈரச் சருகு தண்டைத் தொட்டுக்கொண்டே இருந்தால் பட்டை அழுகும், கறையானும் ஏறும். மூடாக்குப் போட்ட சில நாட்கள் கழித்து, நடுப்பகலில் சருகை ஒரு கையால் விலக்கி அடியில் உள்ள மண்ணைத் தொட்டுப் பாருங்கள். பக்கத்தில் வெயில் படும் வெறும் மண் உள்ளங்கையைச் சுடும்போது, சருகுக்கு அடியில் மண் ஈரமாகவும் குளுமையாகவும் இருக்கும். சில இடங்களில் மண்புழு கழித்த சிறு உருண்டைகளையும் மேல்மட்டத்திலேயே காண்பீர்கள். மண் சுடும்போது கீழே போய்விடும் மண்புழுக்கள் திரும்பி மேலே வந்திருக்கின்றன என்று அதற்குப் பொருள்.

மிகுந்த சருகை நிழலான மூலையில் குவித்து, அடுக்குக்கு அடுக்கு சாணக் கரைசல் தெளித்து, அவ்வப்போது புரட்டி ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் ஆவணி, புரட்டாசியில் கறுத்த இலைமட்கு கிடைக்கும். வேப்பிலையை மூடாக்காக இட்டால் செடிக்குக் கெடுதி வருமோ என்ற அச்சம் சிலருக்கு உண்டு. வளர்ந்த செடிகளுக்கு அதனால் தீங்கு இல்லை. விதை ஊன்றிய பாத்தியில் மட்டும் முளை வெளிவரும் வரை எந்தச் சருகையும் தடிமனாகப் போட வேண்டாம்.

கேள்வி: குண்டுமல்லிச் செடி ஆள் உயரத்துக்குப் படர்ந்திருக்கிறது. கார்த்திகையில் கவாத்து செய்ய வேண்டும் என்பது தெரியாமல் விட்டுவிட்டேன். இலைகளும் மஞ்சளாகி வருகின்றன. இப்போது வெட்டிவிடலாமா?
— வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: வேண்டாம் அம்மா. குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து ஏறத்தாழ 50 செ.மீ. உயரத்தில் வெட்டிவிடுவதே நம் மாநிலத்தில் பின்பற்றப்படும் முறை. அப்படி வெட்டினால் தையிலும் மாசியிலும் புதுக்கிளைகள் விட்டு மார்ச் முதல் பூக்கும். மல்லிகை, புதுத் துளிரின் நுனியில் அரும்பு கட்டும் செடியாகும். நீங்கள் இப்போது அடியோடு வெட்டினால் அரும்பு கட்டும் நிலையில் உள்ள கிளைகளெல்லாம் போய்விடும் என்பதோடு, வெட்டுண்ட செடி கொளுத்தும் வெயிலில் துளிர்க்கவும் திணறும். எனவே காய்ந்த குச்சிகள், ஒன்றோடொன்று உராயும் கிளைகள், தரையில் புரளும் கொடிகள் ஆகியவற்றை மட்டும் அகற்றிவிட்டு, மற்றக் கிளைகளின் நுனியை ஒரு சாணுக்கு மேற்படாமல் கிள்ளிவிடுங்கள். அடுத்த நவம்பரைத் தவறவிடாதீர்கள். உங்கள் வீட்டில் முல்லையோ பிச்சியோ இருந்தால் அவற்றுக்குக் கவாத்துக் காலம் வேறு. அவற்றை ஜனவரி கடைசியில் வெட்டுவார்கள்.

மஞ்சள் நிறத்துக்கு வருவோம். எந்த இலை மஞ்சளாகிறது என்பதை உற்றுப் பார்த்த பிறகே மருந்தைத் தீர்மானிக்க வேண்டும். கிளையின் நுனியில் உள்ள இளம் இலைகள் வெளிறி, அவற்றின் நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்புத் தன்மை மிகுந்த மண்ணிலும் உப்புள்ள கிணற்று நீர் பாயும் இடங்களிலும் இது சாதாரணமாக வரும். மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் அதை எடுத்துக்கொள்ள முடியாத நிலை அது. நாட்டு மருந்துக் கடைகளில் அன்னபேதி என்று கிடைக்கும் இரும்பு சல்பேட்டை ஒரு லிட்டர் நீருக்கு 5 கிராம் வீதம் கரைத்து, மாலை வேளையில் இலைகளின் மேல் தெளியுங்கள். மாதம் ஒருமுறை தெளித்து வந்தால் புதிதாக வரும் இலைகள் பச்சையாக வருவதைக் காணலாம். ஏற்கெனவே வெளுத்த இலை முழுவதும் பழைய நிறத்துக்குத் திரும்பாமல் போகலாம், அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

மாறாக, அடிப்பகுதியில் உள்ள முதிர்ந்த இலைகள் ஒரே சீராக மஞ்சளாகி உதிர்ந்தால் அது தழைச்சத்துக் குறை. தொழு உரம் ஒரு கூடையும் ஊறவைத்த கடலைப் பிண்ணாக்குக் கரைசலும் போதும். இலைகள் தூசு படிந்தாற்போல் மங்கி, அடிப்புறத்தில் நுண்ணிய வலை தெரிந்தால் அது செஞ்சிலந்தி. வெயில் ஏற ஏறப் பெருகும் அதற்கு, இலையின் அடிப்பக்கம் நனையும்படி நீரை வேகமாகப் பீய்ச்சுவதே முதல் வைத்தியம்.

கேள்வி: பரங்கிக் கொடியில் பூ ஏராளமாக இருக்கிறது. ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. பீர்க்கனிலும் அப்படித்தான். பஞ்சகவ்யம் தெளித்தும் பலனில்லை.
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கொடி வகைகளில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாக வரும். முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்களே. நாள் நீளமாகவும் வெப்பம் மிகுதியாகவும் இருக்கும் பருவத்தில் ஆண் பூக்களின் விகிதம் இன்னும் கூடும். தழைச்சத்தை அதிகமாகக் கொடுத்தாலும் கொடி தழைத்துக்கொண்டே போகுமே தவிரப் பெண் பூ குறையும். ஆகவே உங்கள் கொடியில் குறை ஏதும் இல்லாமலும் இருக்கலாம். முதல் இரண்டு வாரங்களுக்குப் பொறுமையாக இருங்கள்.

பெண் பூ வந்த பிறகும் பிஞ்சு மஞ்சளாகி வெம்பி விழுகிறது என்றால் மகரந்தச் சேர்க்கை நடக்கவில்லை என்று பொருள். மாடிக்கும் நகரத்தின் நெருக்கமான தெருக்களுக்கும் தேனீ வருவது குறைவு. அந்த வேலையை நாமே செய்துவிடலாம், கடினம் இல்லை. பூவின் காம்பைப் பாருங்கள். பூவுக்கு அடியிலேயே கோலிக்குண்டு அளவில் குட்டிப் பரங்கிக்காய் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் அது பெண் பூ. வெறும் காம்பாக நீண்டிருந்தால் ஆண் பூ. அன்று காலையில் விரிந்த ஆண் பூ ஒன்றைக் காம்போடு கிள்ளி, அதன் மஞ்சள் இதழ்களைச் சுற்றிலும் உரித்துவிட்டால் நடுவில் மகரந்தம் படிந்த தண்டு மட்டும் மிஞ்சும். விரல் நுனியால் தொட்டால் மஞ்சள் பொடி ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் வேறு பூவை எடுங்கள். அந்தத் தண்டைப் பெண் பூவின் நடுவே உள்ள மடல்கள் எல்லாவற்றிலும் படும்படி மெதுவாகத் தடவிவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணலாக வளரும்.

நேரம்தான் இதில் முக்கியம். பரங்கிப் பூ விடியற்காலையில் விரிந்து முற்பகலுக்குள் சுருங்கிவிடும் என்பதால் ஏழு, எட்டு மணிக்குள் தடவிவிட வேண்டும். பாகற்பூவும் காலைப் பூவே. பீர்க்கன் பிற்பகல் சாய்ந்த பிறகுதான் விரியும். சுரைக்காயின் வெள்ளைப் பூவும் புடலையின் நூல் நூலான பூவும் மாலையிலும் இரவிலும் மலர்பவை. காலையில் பீர்க்கன் பூவைத் தடவிப் பார்த்துவிட்டுப் பயனில்லை என்று கைவிடுபவர்கள் நிறையப் பேர். இன்று மாலை ஐந்தரை மணிக்குக் கொடியருகே போய்ப் பாருங்கள்.

பஞ்சகவ்யத்தை லிட்டருக்கு 30 மி.லி. அளவில் தெளிப்பது நல்லதே. வளர்ச்சிக்கு அது துணை செய்யும், ஆனால் தேனீயின் வேலையை அதனால் செய்ய முடியாது. பூ விரிந்திருக்கும் நேரத்தில் எதையும் தெளிக்காதீர்கள், வேப்பெண்ணெயையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கேள்வி: செம்பருத்தியின் நுனியெல்லாம் வெள்ளை மாவு அப்பியதுபோல் ஆகி, இலைகள் சுருண்டுவிட்டன. ஆண்டுதோறும் பங்குனியில் இது வருகிறது. மருந்துக் கடையில் கொடுத்த பூச்சிக்கொல்லியை அடித்தேன். பத்து நாள் அடங்கி, பிறகு முன்னைவிட அதிகமாகிவிட்டது.
— வாசகி, மதுரை

பதில்: நீங்கள் கடைசியாக எழுதியிருக்கும் வரியில்தான் விடையும் இருக்கிறது. மாவுப்பூச்சியின் உடல் மெழுகுப் பூச்சால் மூடப்பட்டிருப்பதால் தெளிக்கும் மருந்து அதன்மேல் எளிதில் படுவதில்லை. ஆனால் அதைத் தின்று வாழும் பூச்சிகளுக்கு அந்தக் கவசம் இல்லாததால் அவை முதலில் மடிகின்றன. எதிரி ஒழிந்த இடத்தில் மாவுப்பூச்சி முன்னைவிடப் பெருகுகிறது.

இதற்கு நம் மாநிலத்திலேயே நடந்த பெரிய சான்று ஒன்று உண்டு. 2008இல் கோவைப் பகுதியில் முதன்முதலாகக் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, மெக்சிகோவையும் மத்திய அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று கண்டதையெல்லாம் பற்றிக்கொண்டு பரவியது. உழவர்கள் மருந்தடித்து ஓய்ந்தார்கள். 2010இல் அந்தப் பூச்சியின் இயற்கை எதிரியான மிகச்சிறிய ஒட்டுண்ணிக் குளவிகள் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் முக்கியப் பூச்சிகள் பணியகத்துக்கு வரவழைக்கப்பட்டு, வேளாண் பல்கலைக்கழகம் உள்ளிட்ட நிறுவனங்கள் வழியாகப் பெருக்கித் தோட்டங்களில் விடப்பட்டன. அவற்றுள் அசெரோபேகஸ் பப்பாயே என்னும் குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டுப் பெருகி, சில மாதங்களிலேயே அந்தக் கொள்ளையை அடக்கியது. பல்லாயிரம் ஏக்கரில் மருந்து சாதிக்காததைக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு குளவி சாதித்தது என்பதை ஒவ்வொரு வீட்டுத் தோட்டக்காரரும் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

உங்கள் செடிக்குச் செய்ய வேண்டியவை: மிகவும் சுருண்ட நுனிகளை வெட்டி, நெகிழிப் பையில் போட்டுக் கட்டி அப்புறப்படுத்துங்கள். மீதமுள்ளவற்றின் மேல் குழாய் நீரை வேகமாகப் பீய்ச்சி, மாவுப்பூச்சிகளை உதிர்த்துவிடுங்கள். மூன்று நாட்களுக்கு ஒருமுறை இதை விடாமல் செய்தாலே பாதிக்கு மேல் குறைந்துவிடும். பிறகும் எஞ்சியிருந்தால் லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சிறிது காதி சோப்புக் கரைசலில் நன்கு கலக்கி, வெயில் தாழ்ந்த பின் தெளியுங்கள். உச்சி வெயிலில் எண்ணெய் தெளித்தால் இலை கருகும். எறும்புச் சாரையைக் கவனியுங்கள். மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அவற்றைக் காவல் காத்து, எதிரிப் பூச்சிகளை விரட்டும். சுவரையோ பக்கத்துச் செடியையோ தொடும் கிளைகளை வெட்டிவிட்டால் எறும்புக்கு வழி குறையும்.

இன்னொன்றும் உண்டு. மாவுப்பூச்சிக் கூட்டத்தின் நடுவே, அவற்றைவிடப் பெரிதாகவும், நீண்ட வெள்ளை இழைகளோடும், தொட்டால் விரைந்து நகர்வதாகவும் ஒன்று தென்பட்டால் அதைக் கொல்லாதீர்கள். தோற்றத்தில் மாவுப்பூச்சியாகவே தெரியும் அது, அவற்றைத் தின்னும் பொறிவண்டின் புழு. அதே போல, பழுப்பேறி இறுகிப்போய், ஓரத்தில் ஊசித் துளை உள்ள மாவுப்பூச்சிக் கூடுகளைக் கண்டால், ஒட்டுண்ணிக் குளவி உங்கள் தோட்டத்துக்கு வந்துவிட்டது என்று பொருள். அந்தக் கிளைகளை அப்படியே விட்டுவையுங்கள்.

கேள்வி: ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான் தொட்டிகளுக்கு விடுகிறோம். தொட்டியின் விளிம்பிலும் மண்ணின் மேலும் வெள்ளையாகப் பூக்கிறது. வெயில் ஏறியதால் காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுகிறேன். ஆனாலும் இலை ஓரம் கருகுகிறது.
— வாசகர், சென்னை

பதில்: வெள்ளையாகப் பூப்பது நீரில் கரைந்துள்ள உப்பு. நீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் மண்ணில் தங்குகிறது. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றும்போது நீர் அடிவரை போய் வெளியேறுவதில்லை. ஆகவே ஒவ்வொரு வேளையும் தொட்டியில் உப்பைத்தான் சேர்த்துக்கொண்டிருக்கிறீர்கள். காலையில் ஒருமுறை, தொட்டியின் அடித்துளை வழியே நீர் வழியும் வரை நிறைய ஊற்றுங்கள். அடியில் தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லையெனில் வெளியேறிய உப்புநீரையே மண் திரும்ப உறிஞ்சும். மறுமுறை ஊற்றுவதற்கு முன் விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பார்த்து, ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள். நடுப்பகலில் கொடியின் இலைகள் தொங்குவதைக் கண்டு பதற வேண்டாம். மாலையில் தானாக நிமிர்ந்தால் அது தாகம் அன்று, வெயிலுக்குச் செடி செய்துகொள்ளும் தற்காப்பு.

அறையைக் குளிரூட்டும் ஏ.சி. கருவியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு அநேகமாக இல்லை. ஒரு வாளியில் பிடித்து, கறிவேப்பிலை, ரோஜா, மல்லிகை போன்ற உப்பைத் தாங்காத தொட்டிகளுக்கு முதலில் கொடுங்கள். அரிசி, காய்கறி கழுவிய நீரும் நல்லது. குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி கழித்துவிடும் நீரை மட்டும் தொட்டிக்கு ஊற்றாதீர்கள், கிணற்று நீரைவிட உப்பு அதில்தான் செறிந்திருக்கும். கோடை மழை பெய்யும்போது நிழல்வலையை விலக்கி, தொட்டிகளைத் திறந்து வையுங்கள். ஒரு நல்ல மழை, சேர்ந்திருக்கும் உப்பில் கணிசமான பங்கைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

தென்னை நார்த்தூள் கலந்த மண் என்றால், வாங்கியதும் அதை நல்ல நீரில் மூன்று முறையாவது ஊறவைத்துப் பிழிந்து கழுவினீர்களா என்பதையும் எண்ணிப் பாருங்கள். கழுவாத நார்த்தூளிலேயே உப்பு நிறைய இருக்கும்.

கேள்வி: மாமரத்தில் பிஞ்சுகள் கொட்டுகின்றன. என்ன மருந்து?
— வாசகர், சேலம்

பதில்: பெரும்பாலும் எந்த மருந்தும் தேவையில்லை. மாமரத்தில் காய்க்கக் கூடிய பூக்களில் நூற்றுக்கு ஒன்றுகூட அறுவடை வரை நிலைப்பதில்லை. தாங்க முடியாத பிஞ்சை மரம் தானே உதிர்க்கிறது. பூக்கும்போது நீர் கட்டாமல் இருந்திருப்பீர்கள். பிஞ்சு பட்டாணி அளவு வந்ததும் பாசனத்தைத் தொடங்கி, மரத்தை ஒட்டி அல்லாமல் உச்சி வேளையில் நிழல் விழும் வட்டத்தின் ஓரத்தில் நீர் பாய்ச்சி மூடாக்கு இடுங்கள். உதிர்ந்தவற்றைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். காய் முதிரும் நேரத்தில் பழ ஈயைத் தடுக்க மெத்தில் யூஜினால் இனக்கவர்ச்சிப் பொறி ஒன்றைக் கட்டினால் போதும்.

கேள்வி: நாங்கள் இருப்பது மலையில். உங்கள் பகுதியில் வரும் யோசனைகள் எங்களுக்கும் பொருந்துமா?
— வாசகி, கோத்தகிரி

பதில்: நீர், மூடாக்கு, பூச்சி பற்றிச் சொன்னவை பொருந்தும். நடவும் கவாத்தும் பொருந்தா. உறைபனி நின்ற பிறகு உங்களுக்கு வருவதுதான் உண்மையான நடவுப் பருவம். பீன்ஸ் ஊன்றலாம், ரோஜாவைக் கவாத்து செய்யலாம், சமவெளிக்காரர்கள் ஏங்கும் கேரட்டையும் பீட்ரூட்டையும் விதைக்கலாம். அசேலியாவையும் கமேலியாவையும் பூத்து ஓய்ந்த உடனே வெட்டுங்கள். தாமதித்தால் அடுத்த ஆண்டுக்கான மொட்டுகளையும் சேர்த்து வெட்டிவிடுவீர்கள்.

கேள்வி: கொல்லையில் ஒரு சென்ட் அளவில் கத்தரியும் தக்காளியும் போடுவோம். இந்த முறை செடிகள் வளராமல் குன்றிவிட்டன. பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக இருக்கிறது. கோடை முழுவதும் நிலத்தைச் சும்மா போட்டுவிட்டு ஆடியில் மறுபடி நடலாமா?
— வாசகர், ஈரோடு

பதில்: அந்த முடிச்சுகளை உண்டாக்குபவை, மண்ணில் வாழும் மிக நுண்ணிய வேர்முடிச்சு நூற்புழுக்கள். சும்மா போட்டால் களைச் செடிகளின் வேரில் தங்கி, ஆடியில் உங்கள் கத்தரிக்காகக் காத்திருக்கும். மற்ற கேள்விகளிலெல்லாம் வெயிலிலிருந்து தோட்டத்தைக் காக்க வழி சொன்னேன். உங்களுக்கு மட்டும் அதே வெயில் மருந்தாகப் பயன்படும்.

இப்போதே எல்லாச் செடிகளையும் வேரோடு பிடுங்கி, குப்பைக் குழியில் போடாமல் வெயிலில் காயவைத்து எரித்துவிடுங்கள். சருகைக் கொளுத்தக் கூடாது என்று மேலே சொன்ன நான் இதை எரிக்கச் சொல்வதற்குக் காரணம், அந்த வேர்களில் முட்டைகள் இருப்பதே. பின்னர் நிலத்தை ஓர் அடி ஆழத்துக்குக் கொத்தி, கட்டிகளை உடைத்துச் சமப்படுத்தி, நன்றாக நீர் பாய்ச்சுங்கள். ஈரம் இருக்கும்போதே சித்திரை முதல் வாரத்தில், ஒளி ஊடுருவும் நெகிழித் தாளால் நிலத்தை முழுவதும் மூடி, விளிம்புகளை மண்ணுக்குள் புதைத்துக் காற்றுப் புகாமல் அடைத்துவிடுங்கள். கறுப்புத் தாளைவிடத் தெளிந்த தாளே சிறந்தது. சூரிய ஒளி அதன் வழியே நேராக மண்ணில் இறங்கிச் சூட்டை உள்ளேயே தேக்கும். நான்கிலிருந்து ஆறு வாரங்கள் அப்படியே இருக்கட்டும். நூற்புழுக்களோடு களை விதைகளும் வாடல் நோய்ப் பூசணங்களும் மேல்மண்ணில் வெகுவாகக் குறையும். நடுவில் எங்காவது தாள் கிழிந்தால் அன்றே ஒட்டிவிடுங்கள், சூடு அந்த ஓட்டை வழியே போய்விடும்.

வைகாசி நடுவில் தாளை எடுத்துவிட்டு, அந்த நிலத்தில் சணப்பு விதையுங்கள். தழைச்சத்து தரும் பசுந்தாள் உரம் என்பதோடு, வேர்முடிச்சு நூற்புழு அதன் வேரில் பெருக முடியாது என்பதும் அதன் தனிச் சிறப்பு. நாற்பது, நாற்பத்தைந்து நாட்களில் பூ எடுக்கத் தொடங்கும்போது மடக்கி மண்ணோடு கலந்து, இரண்டு வாரம் மட்க விடுங்கள். கணக்குப் பார்த்தால் அது ஆடி முதல் பாதியில் வந்து நிற்கும். நாற்று விடுவதை மட்டும் அதற்கு ஒரு மாதம் முன்பே வேறு மண்ணில் தொடங்கிவிட வேண்டும். நாற்றங்கால் மண்ணையும் சித்திரையில் இதே தாளின் கீழ் ஒரு மூலையில் சேர்த்து வைத்துவிட்டால் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டியிராது. நடும்போது குழிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு இட்டு, கத்தரி வரிசைகளுக்கு இடையே துலுக்கச் சாமந்தியை ஊன்றுங்கள். அதன் வேரும் நூற்புழுவை ஒடுக்கும். அடுத்த ஆண்டு அதே இடத்தில் கத்தரி, தக்காளி, மிளகாய் எதுவும் வேண்டாம். வெங்காயமோ மக்காச்சோளமோ போட்டு, கத்தரியைக் கொல்லையின் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.